எட்டாவது துண்டு

ஜன்னலோர இருக்கையை நான் எப்போதும் ஓல்கெருக்குத்தான் கொடுப்பேன். முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அதைப் பற்றி ஒருமுறைகூட எங்களுக்குள் தகராறு வந்ததில்லை. பேருந்தானாலும் படகானாலும் அவர் ஜன்னலோரம், நான் அவருக்கும் உலகத்துக்கும் நடுவில். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தோம். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில், வக்கீல் ஐயா. நான் எதையும் திட்டமிட்டு இருக்கை மாற்றவில்லை.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். அந்த வாழைக்காய் வறுவலும் உங்களுக்குத்தான். குவாயாகில் வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். என்னைப் போன்ற கெட்டிக்கார வாடிக்கையாளர்கள் இனிப்பைக் கண்ட எறும்பு மாதிரி வந்து மொய்த்துத் திட்டத்தையே அரித்துவிட்டார்கள் என்று உங்கள் நிறுவனம் கடிதம் எழுதியிருந்தது. அதைப் படித்தபோது மனது புண்பட்டது. ஒரு பயண நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் விமானச் சீட்டு எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு சீட்டில்கூடப் பொய்த் தேதி போட்டதில்லை.

திட்டத்தை அச்சடித்தது நீங்கள். எட்டு விமானக் கம்பெனிகள் சேர்ந்து 'எட்டுச் சிறகு' என்று பெயர் வைத்தீர்கள். எட்டிலும் ஒவ்வொரு முறை பறக்க வேண்டும். எட்டு போர்டிங் பாஸ் துண்டுகளையும் அனுப்ப வேண்டும். ஜூன் முப்பதுக்குள் முடித்தால் பத்து லட்சம் மைல் இலவசப் பயணம். சுவரொட்டியில் கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் சாந்தியாகோவிலிருந்து மயாமிக்குச் சிரித்துக்கொண்டே போனார். எல்லோரும் அவரைப் போல நீளமாகப் பறப்பார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். ஆனால் விதிகளில் தூரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் மூன்று முறை படித்தேன். அரை மணி நேரம் பறந்தாலும் அது ஒரு துண்டுதான்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? காலியாகப் போகிற இருக்கையில் காசு கொடுத்து உட்கார்ந்தோம். நூறு பேர் தொடங்கினால் அறுபது பேர் பாதியில் விட்டுவிடுவார்கள், பத்துப் பேர் துண்டைத் தொலைத்துவிடுவார்கள். இந்த மாதிரித் திட்டமெல்லாம் ஜனங்களின் மறதியை நம்பித்தான் நடக்கிறது. நாங்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான். மறக்காதவனால் ஒரு திட்டம் அழியும் என்றால், அது முதலிலேயே அழிந்துபோன திட்டம். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்களுக்கு அந்த மைல்கள் எதற்கு என்று கேட்டீர்கள். போன வருடம் மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை இந்த நாட்டில் வங்கிகள் திறக்கவில்லை. திறந்தபோது உள்ளே எங்கள் சேமிப்பு உறைந்து கிடந்தது. உருகியபோது அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஆகஸ்டில் எங்கள் ஒரே மகள் யாதிரா ஸ்பெயினுக்குப் போனாள். முர்சியாவில் ஒரு தோட்டத்தில் கீரை அறுக்கிறாள். பிப்ரவரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அங்கே தங்கக் காகிதம் இல்லாதவள் வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. ஆகவே நாங்கள்தான் போக வேண்டும். பத்து லட்சம் மைல் என்றால் ஓல்கெரும் நானும் வருடத்துக்கு ஒரு முறையாவது போய்க் குழந்தையைத் தூக்கலாம், அவள் பள்ளிக்கூடம் போகிறவரைக்கும். ஓல்கெரின் வண்டியை விற்றோம். அந்தக் காசில் பதினாறு சீட்டு வாங்கினேன். எனக்கு எட்டு, அவருக்கு எட்டு.

நாங்கள் சேர்ந்தது தம்பதி கணக்கில். தம்பதி கணக்கில் இருவரும் எட்டையும் முடிக்க வேண்டும். ஒருவருக்கு ஒன்று குறைந்தாலும் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதுவும் நீங்கள் எழுதிய விதிதான்.

ஒன்பது நாள் பறந்தோம். லிமா, கரகாஸ், போகோட்டா, சான் ஹோசே என்று போய்க்கொண்டே இருந்தோம். எந்த ஊரையும் பார்க்கவில்லை. எங்களைப் போல இருபது முப்பது பேர் எல்லா விமான நிலையத்திலும் தென்படுவார்கள். எங்களுக்கு நாங்களே 'தொட்டுத் திரும்பிகள்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். இறங்கியதும் குனிந்து தரையை ஒரு விரலால் தொடுவோம். பிறகு அடுத்த விமானத்துக்கு வரிசையில் நிற்போம். துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வோம். சிலி நாட்டுப் பல் டாக்டர் இதாலோ, "இது தொலைஞ்சா ஊருக்குப் போயி பொண்டாட்டி மூஞ்சில முழிக்க முடியாது. நான் தொலைஞ்சாக்கூட அவ மன்னிச்சிருவா" என்பார். நன்றாகச் சிரிப்போம்.

ஆறாம் நாள் போகோட்டாவில் ஓல்கெர் குனிந்து தரையைத் தொடவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. ஒன்பது மணி நேரம் நாற்காலியிலும் நான்கு மணி நேரம் விமானத்திலும் தினமும் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வீங்கும்.

"தோன் ஓல்கெர், ஒரு கால்ல நீங்களும் இன்னொரு கால்ல வேற யாரோவும் நடந்து வர்ற மாதிரில்ல இருக்கு" என்றார் இதாலோ.

"பல்லு புடுங்குற ஆளுக்குக் காலப் பத்தி என்னய்யா தெரியும்?" என்றார் இவர்.

இதாலோ உட்கார்ந்து கெண்டைக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி அப்படியே நின்றது. அவர் எழுந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெளையாட்டு இல்ல, தோன்யா சொராய்தா. உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அது கெளம்பி நெஞ்சுக்குப் போச்சுன்னா பேச்சு கெடையாது. இன்னிக்கே ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"காட்டலாம், டாக்டர். முப்பதாம் தேதி முடியட்டும்."

"முப்பதாம் தேதியா? அந்த ரத்தத்துக்குத் தேதி தெரியுமா?"

அவர் நல்ல மனிதர். ஆனால் இதைச் சொல்லிவிட்டு அவரும் தன் விமானத்துக்குத்தான் ஓடினார். எங்களுக்காக அவர் ஒரு துண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசி நாள் பனாமாவில் இருந்தோம். ஜூன் முப்பது, வெள்ளிக்கிழமை. மதியம் பனாமாவிலிருந்து குவாத்தமாலா போகிற விமானம்தான் எங்கள் எட்டாவது. அதை விட்டால் அந்தக் கம்பெனிக்கு அன்றைக்கு வேறு விமானம் கிடையாது. ஓல்கெரின் கால் ஷூவுக்குள் போகவில்லை. கடையில் பெரிய செருப்பாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். அவருக்கு லேசாக மூச்சிரைத்தது. உடம்பு சரியில்லாதவரைப் பார்த்தால் வாசலில் நிற்கும் பெண் விமானத்தில் ஏற்ற மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். டாக்டரிடம் அனுப்புவாள். டாக்டர் படுக்க வைப்பார். ஆகவே கழிப்பறைக்குப் போகும் நடைபாதையில் அவரை நடக்க வைத்துப் பழக்கினேன்.

"நட கிழவா. அந்தத் தண்ணிக் குழா வரைக்கும் போயிட்டு வா. நொண்டாத."

"நான் எங்கடி நொண்டுறேன்? காலுதான் வரமாட்டேங்குது."

"யாதிராவ நெனச்சுக்கிட்டு நட."

"அவள நெனச்சா அழுகைதான் வருது, கிழவி. நட எங்க வருது?"

நான்கு முறை நடந்தார். நான்காவது முறை நன்றாக நடந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, ஆனால் நொண்டவில்லை. வாசலில் அந்தப் பெண், "ஐயாவுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டாள். "புதுச் செருப்பும்மா, கடிக்குது" என்று சொன்னது அவர்தான். நான் வாயே திறக்கவில்லை. அவருடைய சம்மதம் இல்லாமல் நான் எதுவும் செய்யவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விமானம் கிளம்பி ஏறக்குறைய ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துக் கீழே பெரிய ஏரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் பதினைந்து துண்டுகளையும் இன்னொரு முறை சரி பார்த்தேன். என் எட்டாவதைச் சேர்த்துத்தான் பதினைந்து. அவருடைய எட்டாவது அவர் சட்டைப் பையில் இருந்தது.

அப்போது அவர் திரும்பினார். முகம் சாம்பல் பூத்திருந்தது. வேர்வை தாடையிலிருந்து சொட்டியது.

"கிழவி. மூச்சு வரல."

"மெதுவா இழு."

"இழுத்தா குத்துது. உள்ள கத்தி மாதிரி. அந்தப் பொண்ணக் கூப்பிடு."

எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. ஆனால் எதற்குப் பயந்தேன் என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் நேர்மை. அந்தத் தடத்தை நான் இருபத்தாறு வருடம் சீட்டில் எழுதியிருக்கிறேன். எங்களுக்கு முன்னால் மனாகுவா விமான நிலையம் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் விமானி கால் மணி நேரத்தில் அங்கே இறக்கிவிடுவார். கீழே ஆம்புலன்ஸ் நிற்கும். மறுநாள் காலையில் எங்களைக் குவாத்தமாலாவுக்கு இலவசமாகவே அனுப்புவார்கள். ஆனால் மறுநாள் ஜூலை ஒன்று. உங்கள் பதினோராவது விதி எனக்கு மனப்பாடம். சீட்டில் அச்சிட்டிருக்கும் ஊரில், கெடு தேதிக்குள், விமானம் தரையிறங்கும்போது பயணி அதில் இருக்க வேண்டும். வழியில் வேறு ஊரில் இறங்கினால் அது கணக்கில் வராது.

இதை நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். மறைக்கவில்லை.

"இப்பக் கூப்பிட்டா மனாகுவாவுல எறக்கிடுவாங்க. எட்டு போயிரும். ஒன்னோடதும் போயிரும், என்னோடதும் போயிரும். பிள்ளையப் பாக்க முடியாது. இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்ல, கிழவா. பல்லக் கடிச்சுக்க."

அவர் தலையை அசைத்தார். ஆமாம் என்று அசைத்தாரா, வேண்டாம் என்று அசைத்தாரா என்று நான் அப்போது ஆராயவில்லை.

பிறகு அவருடைய வலது கை மேலே போனது. பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தான் இருக்கைக்கு மேலே இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். நான் அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். மடியில் போர்வையை விரித்தேன்.

பணிப்பெண் தானாகவே வந்தாள். மைரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நீங்கள் வாக்குமூலம் வாங்கியிருக்கும் பெண் அவள்தான்.

"சாருக்கு என்னாச்சு? இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்லம்மா. உயரம்னா அவருக்குப் பயம்."

அவள் அதை அப்படியே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். உண்மைதான், நான் அப்படித்தான் சொன்னேன். ஓல்கெர் துறைமுகத்தில் வாழைக்குலைப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றும் பளுதூக்கியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். பத்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டவர். நான் அந்த வார்த்தையைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்தார். முப்பத்தாறு வருடத்தில் அவர் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறார். என்னைக் கண்டு பயந்து பார்த்தது அப்போதுதான்.

"பயப்படாதீங்க சார், இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றாள் மைரா. பிறகு எங்கள் கைகளைப் பார்த்துச் சிரித்தாள். "எவ்ளோ ஆசையாப் புடிச்சிருக்கீங்கம்மா. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்தாலே பேப்பர விரிச்சுக்குவாரு."

"ஒனக்கும் வயசாகட்டும், புடிப்பாரு" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "தண்ணி வேணுமா சார்?" என்று அவள் குனிந்தாள். "வேணாம்மா, தூங்கட்டும்" என்று நான் போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டேன். அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு வந்த நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. விமானத்தின் இறக்கை சாயும்போதெல்லாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று ஜன்னல் வழியே பார்த்தேன். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்களோ, விமானி திரும்புகிறாரோ என்று நினைத்தேன். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டபோது என் உடம்பே தூக்கிப் போட்டது. இடைவழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவரிடம் கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டேன். ஓல்கெர் பிழைக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வார்த்தைகளை இப்போது யோசித்துப் பார்த்தால், விமானம் நேராகப் போக வேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

இறங்கிய பிறகு நடந்தது உங்களிடம் காகிதத்தில் இருக்கிறது. விமானம் நின்றதும் பொத்தானை நானே அழுத்தினேன். மைரா ஓடி வந்தாள், அலறினாள். டாக்டர் வந்தார். கதவு திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதினார். தூக்கிக்கொண்டு போகும்போது அவருடைய சட்டைப் பையிலிருந்து எட்டாவது துண்டை எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் அது கீழே விழுந்தால் யார் பொறுப்பு?

யாதிராவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு நான், "மைல் கெடைச்சதும் ஒடனே வந்துர்றேன் மவளே, பதினாறு துண்டும் பத்திரமா அனுப்பிட்டேன்" என்றேன். அவள் அழுகையை நிறுத்தினாள்.

"பதினாறா? அப்பாவோட எட்டாவது ஒங்கிட்ட எப்படிம்மா வந்துச்சு?"

"பையிலேர்ந்து எடுத்தேன்."

"எப்ப எடுத்த?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுப்பதில்லை. பச்சை உடம்புக்காரி, அதிர்ச்சி. நான் நேரில் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டால் சரியாகிவிடும். அதற்குத்தான் மைல்கள் வேண்டும். இப்போது எனக்கு இருக்கிற ஒரே பயம், நீங்கள் அவற்றைத் தராமல் போய்விடுவீர்களோ என்பதுதான்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மற்றதெல்லாம் இதற்காகத்தான் கேட்டீர்கள் என்று எனக்குப் புரிகிறது. விமானம் குவாத்தமாலாவில் தரையிறங்கியபோது ஓல்கெர் உயிரோடு இருந்தாரா? இல்லை என்றால் அவர் பயணி இல்லை, வெறும் சுமை. அப்போது எட்டாவது செல்லாது, தம்பதி கணக்கும் செல்லாது. டாக்டரின் காகிதத்தில் நிமிடம் எழுதவில்லை. மைரா பார்க்கவில்லை. இடைவழிக்கு அந்தப் பக்கத்து ஆளை உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆகவே உங்கள் ஒலிப்பதிவுப் பெட்டியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்துங்கள்.

உயிரோடு இருந்தார். மனாகுவாவுக்கு மேலே போனபோது, "கூப்பிடு" என்று இரண்டு முறை சொன்னார். கடல் தெரிந்தபோது என் பெயரைச் சொன்னார். கிழவி என்று சொல்லவில்லை, சொராய்தா என்றார். சான் சால்வடோருக்குப் பக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது, ஆனால் கண் திறந்தேதான் இருந்தது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிமலைகளைச் சுற்றி விமானம் இறங்கியபோது உதடு நீலமாக இருந்தது. மூச்சு, எண்ணி எடுக்கிற மாதிரி, விட்டு விட்டு வந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோதும் வந்தது. அவர் முதலில் கேட்டதிலிருந்து ஐம்பத்தோரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஆதாரம் வேண்டும் என்றால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பிடித்திருந்த அந்தக் கை ஐம்பத்தோரு நிமிடமும் பொத்தானை நோக்கி மேலே வரப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் என் முழு உடம்பையும் சாய்த்துத்தான் அதை மடியிலேயே வைக்க முடிந்தது, சக்கரம் ஓடி நிற்கும்வரை. செத்தவர் கையைப் பிடித்து அடக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது, ஐயா.